ஒரு மணி வரை பசி தாங்குவது எது? இட்லி, தோசை, பொங்கல், அடை, ஓட்ஸ்: ஓர் ஒப்பீடு

எட்டு மணிக்கு மொறுமொறுவென்று இரண்டு தோசையும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டவர், பத்தரை மணிக்கெல்லாம் டீக்கடைப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிடுகிறார். அதே எட்டு மணிக்கு இரண்டு அடையும் ஒரு கிண்ணம் அவியலும் சாப்பிட்டவருக்கு மதியச் சாப்பாடு வரை வயிற்றின் நினைப்பே வருவதில்லை. கலோரிக் கணக்குப் போட்டால் இரண்டு தட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தோசைக்காரர் வயிற்றுக்குள் போன எடை 170 கிராம், அடைக்காரருக்கு 320 கிராம். வித்தியாசத்தில் பாதி அங்கேயே இருக்கிறது. மீதிப் பாதி புரதத்திலும், பருப்பை எப்படி அரைத்தோம் என்பதிலும் இருக்கிறது.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "வயிறு நிறைஞ்சிருக்கு" என்று நாம் சொல்வதில் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன. சாப்பிட்டவுடன் வயிறு திம்மென்று இருப்பது ஒன்று. ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிற மந்தம் இன்னொன்று. நாலைந்து மணி நேரம் பசி எடுக்காமல் இருப்பது மூன்றாவது. இதைத்தான் பசி தாங்குவது என்கிறோம். பொங்கலைப் பற்றி "அடேயப்பா, நல்லா தாங்கும்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைச் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரை தேடுவது மூன்றாவதை.

வயிற்றுக்குள் நடப்பது

இரைப்பையின் சுவரில் இழுபடும்போது தகவல் அனுப்பும் நரம்பு முனைகள் உண்டு. உள்ளே போனது சோறா, தண்ணீரா, கீரையா என்று அவை பார்ப்பதில்லை. எவ்வளவு இடம் அடைத்தது என்று மட்டும் மூளைக்குச் சொல்லும். திம்மென்ற உணர்வு இதனால்தான். பிறகு உணவு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு இறங்கும்போது, அங்கே புரதமும் கொழுப்பும் பட்டதும் சிசிகே, ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற ஹார்மோன்கள் சுரந்து "போதும்" என்று சொல்கின்றன. பசியைத் தூண்டும் கிரெலின் (1999-இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது) சாப்பிட்டபின் இறங்கி, அடுத்த வேளைக்கு முன் மறுபடி ஏறுகிறது.

இரைப்பைக்கு இன்னொரு வேலையும் உண்டு. திட உணவை ஓரிரண்டு மில்லிமீட்டர் துகளாகும் வரை அரைத்துத்தான் அடுத்த கட்டத்துக்கு விடும். தண்ணீருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. சல்லடையில் விட்டதுபோல் முன்னால் போய்விடும். அதனால் கெட்டியாகவோ, முழுத் துண்டாகவோ, கொழகொழவென்றோ இருப்பது அதிக நேரம் தங்குகிறது. நைசாக அரைத்தது, நீர்த்தது, வாயில் கரைவது எல்லாம் சீக்கிரம் இறங்குகின்றன.

இதை முதன்முதலில் ஒரு பட்டியலாகப் போட்டது ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழு, 1995-இல். 38 உணவுகள், ஒவ்வொன்றிலும் 240 கலோரி அளவு, சாப்பிட்டவர்களிடம் கால் மணிக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரத்துக்குப் பசியை மதிப்பிடச் சொன்னார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அளந்தார்கள். முதலிடம் அவித்த உருளைக்கிழங்குக்கு, 323. கடைசி இடம் வெண்ணெய் மடித்துச் சுடும் குரோசான் ரொட்டிக்கு, 47. ஓட்ஸ் கஞ்சி 209, ஆரஞ்சு 202, ஆப்பிள் 197, முட்டை 150, வெள்ளைச் சோறு 138, வாழைப்பழம் 118, கேக் 65. உருளைக்கிழங்கைச் சற்றுக் கவனியுங்கள்: அவித்தால் 323, விரல் விரலாக நறுக்கி எண்ணெயில் பொரித்தால் 116, சிப்ஸாக்கினால் 91. கிழங்கு ஒன்றேதான். தண்ணீரை விரட்டி அந்த இடத்தில் எண்ணெயை உட்கார வைத்ததுதான் நடந்த காரியம்.

அந்தப் பட்டியலில் அதிக மதிப்பெண் வாங்கியவற்றின் பொதுக்குணங்கள் நான்கு: 240 கலோரிக்குத் தட்டில் அதிக எடை, புரதம், நார்ச்சத்து, நீர். மதிப்பெண்ணைக் குறைத்தவை கொழுப்பும், வருத்தமான விஷயம்தான், ருசியும். ஆனால் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வோர் உணவையும் சோதித்தவர்கள் 11 முதல் 13 பேர்தான். பார்த்தது இரண்டு மணி நேரம்தான். வேர்க்கடலை 84 என்று கீழே கிடப்பதற்கு ஒரு காரணம், 240 கலோரிக்கு ஒரு கைப்பிடிதான் வரும் என்பது. கொழுப்பும் புரதமும் மெதுவாக வேலை செய்யும் மூன்றாவது, நான்காவது மணி நேரத்தை அந்தச் சோதனை பார்க்கவே இல்லை. நம் தேவை எட்டிலிருந்து ஒன்று வரை, ஐந்து மணி நேரம். ஆகவே எடையையும் பார்க்க வேண்டும், புரதத்தையும் பார்க்க வேண்டும்.

கணக்குப் போடும் முறை

கீழே வரும் தட்டுகள் எல்லாம் சுமார் 350 கலோரிக்கு ஒப்பிடப்படுகின்றன. சமைத்த பண்டத்தை நிறுத்துக் கலோரி தேடுவதைவிட, அரிசி பருப்பை ஊறவைக்கும் முன் நிறுப்பது நம்பகமானது. அரிசி, ரவை, மாவு, பருப்பு எதுவானாலும் உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி. எண்ணெய், நெய் ஒரு டீஸ்பூன் (5 கிராம்) 45. தேங்காய்த் துருவல் 10 கிராம் 40. முட்டை ஒன்று 70 முதல் 75. புரதம், 100 கிராமுக்கு: அரிசி 7 முதல் 8 கிராம், ரவை 10 முதல் 11, பருப்பு வகைகள் 22 முதல் 24. முட்டை ஒன்றுக்கு 6. இந்த ஆறேழு எண்களை வைத்துக்கொண்டு எந்த டிபனையும் ஐந்து நிமிடத்தில் அலசிவிடலாம்.

ஒரே மாவு, இரண்டு பாத்திரம்

இட்லிக்கும் தோசைக்கும் நான்குக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் ஒரே கிரைண்டரில் ஓடியவை. கால் கிலோ உலர்ந்த சாமானில் நடுத்தர அளவில் 15 இட்லி வரும். ஒன்றுக்குச் சுமார் 60 கலோரி, 50 கிராம் எடை. அதில் பாதிக்கு மேல் தண்ணீர். ஆவியில் வேகும் பண்டம் தன் ஈரத்தை விடுவதில்லை, எண்ணெயையும் கேட்பதில்லை. நாலு இட்லி 240 கலோரி, 200 கிராம், புரதம் 7 கிராம்.

அதே மாவைத் தோசைக்கல்லில் மெல்லிசாக இழுத்து, ஓரத்தில் எண்ணெய் விட்டு, சிவக்கும் வரை வைக்கிறோம். "சொய்ங்" என்று வருகிற சத்தம் தண்ணீர் வெளியேறும் சத்தம். அந்த மொறுமொறுப்புக்கு நாம் கொடுக்கும் விலை அது. இரண்டு தோசை (உலர்ந்த கணக்கில் 60 கிராம்), இரண்டு டீஸ்பூன் எண்ணெய், மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ச் சட்னி: 370 கலோரி, 170 கிராம், புரதம் 8 கிராம். ஊத்தப்பம் இதைவிடப் பரவாயில்லை. தடிமனாக இருப்பதால் ஈரம் தங்குகிறது. வெங்காயமும் தக்காளியும் எடை சேர்க்கின்றன.

ஆனால் இட்லி ஜெயித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நாலு இட்லியை மிளகாய்ப்பொடி எண்ணெயில் தோய்த்துச் சாப்பிட்டால் பதினோரு மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். பஞ்சு மாதிரி இட்லி என்று பெருமைப்படுகிறோமே, அந்தப் பஞ்சுத்தன்மைதான் இங்கே எதிரி: நைசாக அரைத்தது, புளித்தது, வாயில் கரைவது, மெல்ல வேலை இல்லாதது. இட்லியைக் காப்பாற்றுவது சாம்பார். ஓர் ஆளுக்கு 20 கிராம் துவரம்பருப்பும் ஒரு கைப்பிடிக் காயும் போட்ட சாம்பார் 200 மில்லி, 115 கலோரிதான். ஆனால் புரதத்தை 7-லிருந்து 12 ஆக்குகிறது, தட்டின் எடையை 400 கிராமுக்குக் கொண்டுபோகிறது. கடைச் சாம்பாரில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பருப்பு அடியில் தேடினால்தான் தெரியும்.

சாம்பாரை மேலே ஊற்றி ஊறவைத்துச் சாப்பிடுவதும், இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழு 1999-இல் இதைச் சோதித்தது. கோழியும் அரிசியும் காயும் சேர்ந்த ஓர் உணவு. அதே உணவு, பக்கத்தில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். அதே தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்த சூப். சூப் குடித்தவர்கள் அடுத்துப் பரிமாறிய மதிய உணவில் சுமார் 100 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். பக்கத்தில் வைத்த தண்ணீர் ஒரு பயனும் தரவில்லை. தண்ணீர் உணவோடு கலந்து கெட்டியாக நின்றால் தங்குகிறது. தனியாக வந்தால் ஓடிவிடுகிறது. சாம்பார் இட்லி என்று ஆர்டர் செய்பவர் தெரியாமலேயே சரியான காரியம் செய்கிறார். மேலே நெய் மிதக்காமல் இருந்தால் சரி.

பொங்கல்: பழி யார்மேல்?

வெண்பொங்கலுக்குக் கெட்ட பெயர் அநியாயமாக வந்தது. 50 கிராம் பச்சரிசி, 25 கிராம் பாசிப்பருப்பு, நாலு மடங்கு தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, இரண்டு டீஸ்பூன் நெய்: 350 கலோரி. தட்டில் வருவது 350 முதல் 400 கிராம். அதாவது எடைக் கணக்கில் இட்லி சாம்பாருக்குச் சமம். புரதம் 10 கிராம். இந்த அளவோடு நின்றால் நல்ல டிபன்தான்.

யாரும் இந்த அளவோடு நிற்பதில்லை என்பதுதான் பிரச்சினை. அகப்பையில் எடுத்துத் தட்டில் குழியாக்கி நெய் ஊற்றுகிற வீட்டில் நெய் 20 கிராமுக்குக் குறையாது. முந்திரி பத்துப் பருப்பு, இன்னொரு 85 கலோரி. "பொங்கலுக்கு வடை இல்லாமலா" என்று ஒரு மெதுவடை. அறுநூறு கலோரியைத் தாண்டிவிட்டு "பொங்கல் கனம்" என்று சொல்வது பொங்கலுக்குச் செய்யும் துரோகம். கொழுப்பு அதிகமானால் இரைப்பை காலியாவது தாமதமாகும். அதோடு ஒரேயடியாக இவ்வளவு மாவுச்சத்தும் சேர்ந்தால் கண் சொருகும். அந்த மந்தத்தைப் பசி தாங்குவதாக எடுத்துக்கொள்கிறோம். நெய்யைக் குறைத்தால் மந்தம் குறையும், பசி தாங்குவது குறையாது.

அரிசி–பருப்பு விகிதத்தில் விளையாடிப் பார்க்கலாம். கடையில் நான்குக்கு ஒன்று போடுவார்கள். 75 கிராம் உலர்ந்த சாமானில் புரதம் 8 கிராம்தான். இரண்டுக்கு ஒன்று என்றால் 10. சரிபாதி என்றால் 12. சரிபாதியில் சுவை கிச்சடிப் பக்கம் சாய்கிறது, ஆறினால் பசைபோல் இறுகுகிறது. அதைத் தவிர்க்கப் பாசிப்பருப்பை வாசம் வரும் வரை வறுத்து, தண்ணீரை ஐந்து மடங்காக்க வேண்டும். தேங்காய்ச் சட்னிக்குப் பதில் கொத்சு வைத்தால் இன்னும் நல்லது. கத்தரிக்காய் கொத்சு ஒரு கிண்ணம் நூறு கலோரியைத் தாண்டாது.

பூரியும் உப்புமாவும்

இவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். மூன்று பூரிக்கு 60 கிராம் கோதுமை மாவு, இழுத்துக்கொள்ளும் எண்ணெய் 12 முதல் 15 கிராம். கிழங்கு இல்லாமலே 320 கலோரி, எடை நூறு கிராம் அளவில். அந்தத் தட்டில் உருப்படியானது மசால் கிழங்குதான். ஒரு பூரியைக் குறைத்து ஒரு கரண்டி கிழங்கைக் கூட்டுங்கள்.

ரவை உப்புமா 60 கிராம் ரவை, இரண்டரை டீஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் காய்: 330 கலோரி, புரதம் 6 அல்லது 7 கிராம். வெள்ளை ரவையில் தவிடு இல்லை, நார் இல்லை, மெல்ல ஒன்றும் இல்லை. உப்புமாவைக் கண்டால் முகம் சுளிப்பவர்களுக்கு இதோ ஒரு நியாயமான காரணம். சம்பா கோதுமை ரவையாக்கி, ரவை எடைக்குச் சமமாகக் காயும் போட்டால் கதை மாறும். தண்ணீரும் அது கூடுதலாக இழுக்கும்.

அடை ஏன் தாங்குகிறது

அரிசி 30 கிராம். துவரை, கடலை, உளுந்து மூன்றும் சேர்ந்து 30 கிராம். இரண்டு அடைக்கு ஒன்றரை டீஸ்பூன் எண்ணெய். 280 கலோரி. 150 கிராம் காயும் 10 கிராம் தேங்காயும் போட்ட அவியல் ஒரு கிண்ணம் நூறு. மொத்தம் 380, எடை 320 கிராம், புரதம் 12. எண்ணைப் பார்த்தால் இட்லி சாம்பாரைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அரைப்பில் இருக்கிறது.

அடைமாவைத் தொட்டுப் பார்த்தால் விரலில் நறநறவென்று பருப்புத் துகள் தட்டுப்பட வேண்டும். முழுதாகவோ கொரகொரப்பாகவோ இருக்கும் பருப்பில் மாவுச்சத்து செல் சுவருக்குள் பூட்டியபடி இருக்கிறது. நொதிகள் அதை உடைத்து உள்ளே போக நேரம் பிடிக்கும். இரைப்பையும் துகளைச் சிறிதாக்க அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. அதே பருப்பை மிக்ஸியில் வெண்ணெயாக அரைத்து மெல்லிசாக ஊற்றினால் அந்தப் பூட்டை நாமே உடைத்துக் கொடுத்ததாகும்; சாமான் அதே, தாங்குவது வேறு. அரிசியையும் மிளகாயையும் முதலில் அரைத்துவிட்டு, பருப்பைக் கடைசியில் போட்டு ஓரிரு சுற்று மட்டும் சுற்றி எடுத்தால் பதம் சரியாக இருக்கும். வெல்லமும் வெண்ணெயும் தொட்டுக்கொள்வது தனி சுகம். ஆனால் அப்போது அவியலின் 170 கிராம் தட்டிலிருந்து போய்விடுகிறது.

இதே தர்க்கத்தில் புட்டையும் பார்க்கலாம். புட்டும் வாழைப்பழமும் சர்க்கரையும் என்றால் பத்தரைக்குப் பசி. புட்டைப் பாதியாக்கி, 40 கிராம் கொண்டைக்கடலை (ஊறாத எடை) போட்ட கடலைக்கறி சேர்த்தால் மதியம் வரை வரும். கொண்டைக்கடலை 40 கிராமில் 140 கலோரி, 8 கிராம் புரதம், தோலோடு நார்ச்சத்து வேறு. நாம் சாயங்காலச் சுண்டலாக ஒதுக்கிவைத்த பண்டம் காலையில் வர வேண்டியது.

ஓட்ஸ், கூழ், களி

ஓட்ஸைப் பிடிக்கவில்லை என்றாலும் அதன் தகுதியை மறுக்க முடியாது. 40 கிராம் ஓட்ஸ் 150 கலோரி. அதிலுள்ள பீட்டா குளூக்கான் என்ற கரையும் நார், சுமார் ஒன்றரை கிராம், தண்ணீரோடு சேர்ந்து கொழகொழப்பாகிறது. சிட்னிப் பட்டியலில் 209 வாங்கியது இந்தக் கொழகொழப்பினாலும், 240 கலோரிக்கு வந்த பெரிய கிண்ணத்தினாலும். இரண்டு நிபந்தனைகள். ஒன்று, உடனடி ஓட்ஸைவிடத் தடிமனான அவல் ஓட்ஸ். ஐந்து நிமிடமாவது கொதிக்க வேண்டும். இரண்டு, புரதத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும், ஓட்ஸில் 5 கிராம்தான் இருக்கிறது. 150 மில்லி பால் இன்னொரு 5 கொடுக்கும். தோசை மாவில் இரண்டு கரண்டி ஓட்ஸ் பொடி கலந்து "ஓட்ஸ் தோசை" என்று சுடுவதால் ஓட்ஸ் பாக்கெட் காலியாகும், வேறொன்றும் நடக்காது.

கம்பங்கூழ் விஷயத்தில் கெட்டி முக்கியம். 50 கிராம் கம்பு மாவு 180 கலோரி. மோர் விட்டுக் கரைத்து மடமடவென்று குடித்தால் திம்மென்று இருக்கும், ஒன்றரை மணி நேரத்தில் கலைந்துவிடும். கையில் எடுத்துச் சாப்பிடும் கெட்டியில், மாவைக் குருணையாக உடைத்துக் காய்ச்சி, சின்ன வெங்காயம், மோர்மிளகாய், கொஞ்சம் காராமணிக் குழம்போடு சாப்பிட்டால் வேறு மாதிரி. கேழ்வரகுக் களியும் கஞ்சியும் அப்படியே: மாவு ஒன்று, களி தங்கும், கஞ்சி ஓடும். கேழ்வரகில் கால்சியம் நிறைய, புரதம் 7 சதவீதம்தான். களியோடு பருப்புக்கீரையோ கருவாட்டுக் குழம்போ வைத்தது வெறும் ருசிக்காக இல்லை. சிறுதானியம் என்று பெயர் வைத்தாலே தாங்கும் என்று நினைப்பதும் தப்பு. தீட்டி வெள்ளையாக்கிய சாமை பாக்கெட்டுக்கும் அரிசிக்கும் பசி விஷயத்தில் பெரிய தூரம் இல்லை.

பழச்சாறு, ஸ்மூத்தி, சத்துமாவுப் பானம் எல்லாம் இதே வரிசையில் கடைசியில் நிற்கும். ஆப்பிளைக் கடித்துத் தின்றவர், மசித்துத் தின்றவர், சாறாகக் குடித்தவர் என்று ஒப்பிட்ட 2009 ஆய்வில் (இதுவும் ரோல்ஸ் குழுவினுடையது) கடித்துத் தின்றவர்களே அதிகம் நிறைவடைந்தார்கள், பிறகு குறைவாகச் சாப்பிட்டார்கள். சர்க்கரை போட்ட இரண்டு காபி 200 கலோரி. அது உணவுக் கணக்கில் வருவதாக வயிறு ஒப்புக்கொள்வதில்லை.

முட்டை சேர்த்தால்

புரதத்தின் தாக்கம் ஆய்வுகளில் தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் ஒருவேளைக்கு 25 முதல் 30 கிராம் கொடுக்கும்போது. இதுவரை பார்த்த எந்தத் தட்டும் 12-ஐத் தாண்டவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நம் டிபன் வகைகளின் பலவீனம் இதுதான். மாவை மாற்றி, தானியத்தை மாற்றி, கல்லை மாற்றிப் பார்ப்பதைவிட, இரண்டு இட்லியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு அவித்த முட்டை வைப்பது சுலபம். 2 இட்லி, 200 மில்லி சாம்பார், 2 முட்டை: 380 கலோரி, புரதம் 20 கிராமுக்குச் சற்று மேல். மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஒரு மணி வரை நிச்சயமாகத் தாங்கும் தட்டு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டலாம். அமெரிக்காவில் உடல் எடை கூடிய பெண்களிடம் நடத்தி 2005-இல் வெளியான ஆய்விலும், சம கலோரியில் முட்டை சாப்பிட்டவர்கள் பேகல் ரொட்டி சாப்பிட்டவர்களைவிட மதியம் குறைவாகச் சாப்பிட்டார்கள்.

முட்டை தொடாதவர்களுக்கு: 2 இட்லி, சாம்பார், 40 கிராம் கடலையில் செய்த சுண்டல். 400 கலோரி, புரதம் 17. நார்ச்சத்தில் முட்டைத் தட்டை இது வென்றுவிடும். இரண்டுக்கும் இடையே எது மேல் என்று சண்டை போட வேண்டியதில்லை. காலையில் குக்கர் வைக்க நேரம் உண்டா என்பதே தீர்மானிக்கும்.

எவ்வளவு வேகமாக

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019-இல் வெளியிட்ட சோதனையில் 20 பேரை உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு என்று மாற்றிக் கொடுத்தார்கள். கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் இரண்டிலும் சமமாகப் பரிமாறப்பட்டன. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள். வேகமாகவும் சாப்பிட்டார்கள். மென்று தின்ன வேண்டிய உணவு நம்மை நிதானமாகச் சாப்பிடவைக்கிறது. "போதும்" ஹார்மோன்கள் எழுந்துவர அந்த இடைவெளி தேவை. நாலு இட்லியை நாலு நிமிடத்தில் முடிப்பவர் எந்தத் தட்டை எடுத்தாலும் அரைப் பலன்தான். சுண்டல், அவியல், அடை ஆகியவற்றுக்கு இங்கே இயல்பாகவே ஒரு முன்னிலை உண்டு.

யாருக்கு எது

ஏழரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, ஒன்றரைக்குத்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடிகிறவருக்கு இட்லி–சாம்பார்–முட்டை, அல்லது சுண்டல். வேலை வெயிலில், உடலால் உழைப்பவர் என்றால் 350 கலோரியே போதாது. அவருக்குக் களியும் குழம்பும், அல்லது பருப்பு கூட்டிய பொங்கலோடு முட்டை. நெய்க்கும் அவரிடம் கணக்கு உண்டு. உட்கார்ந்த வேலை, எடை குறைய வேண்டும் என்பவருக்கு அடை–அவியல், ஓட்ஸ், சாம்பார் இட்லி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எடையைக் கூட்டும் வழி வேலைக்கு ஆகாது. சின்ன வயிறு, பாதியில் எழுந்துவிடுவார்கள். கையளவு தோசையில் முட்டையை ஊற்றிக் கொடுப்பது அவர்களுக்குப் பொருந்தும். பசியே எடுக்காத முதியவர்களுக்கு இந்தக் கட்டுரையைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்: குறைந்த எடை, நெய், குழைவு.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இட்லியின் எண்ணிக்கையைத் திடீரென்று பாதியாக்கக் கூடாது. மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரத அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எங்கே சறுக்குகிறது

பெரும்பாலும் வாயுவில். ஒரு நாளும் கடலை தொடாத வயிற்றில் திங்கட்கிழமை காலை ஒரு கிண்ணம் சுண்டல் விழுந்தால் செவ்வாய்க்கிழமை பழைய ரவை உப்புமாவுக்கே திரும்பிவிடுவீர்கள். முதல் வாரம் 15 கிராம், அடுத்த வாரம் 25, பிறகு 40. எட்டு முதல் பத்து மணி நேரம் ஊற வேண்டும், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைக்க வேண்டும், விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். நாரைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாதவர்களுக்கு மலச்சிக்கல் வரும். அடுத்த சறுக்கல் சட்னி: இட்லி எண்ணிக்கையைக் குறைத்த பெருமையில் தேங்காய்ச் சட்னியை இரண்டு குழிக்கரண்டி போட்டுக்கொண்டால், எடுத்த இட்லி வேறு வடிவில் திரும்பி வந்துவிடுகிறது. பத்தரை மணி டீ இன்னொன்று. பல பேருக்கு அது பசியே இல்லை. கூட்டாளி எழுந்தார், நாமும் எழுந்தோம். அந்த எழுச்சியை எந்த அடையும் தடுக்காது.

எது உங்களுக்குத் தாங்கும் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரண்டு தட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக இட்லி–சாம்பாரும் அதே இட்லி–சாம்பார்–முட்டையும். இரண்டையும் 380 கலோரிக்கு நிறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வேலை நாட்கள், மாற்றி மாற்றி. முந்தின இரவுச் சாப்பாடு, தூங்கிய நேரம், காலைக் காபி ஆறு நாளும் ஒன்றுபோல் இருக்கட்டும். ஒன்பது மணியிலிருந்து மணிக்கு ஒருமுறை பசியைப் பூஜ்ஜியம் முதல் பத்து வரை போனில் குறித்துவையுங்கள். ஐந்தைத் தாண்டிய நேரம் எது என்பதுதான் பார்க்க வேண்டியது. சாப்பிட்டவுடன் இருக்கும் திம்மைக் குறிக்கவே வேண்டாம்; அது இரண்டு தட்டுக்கும் ஒன்றாகவே இருக்கும்.